போரில் மாட்டிய மோட்டாரும், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மாட்டிய குழாயும்

குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு என்று வேலூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கரண்ட் கம்பத்திலோ மதில் சுவரிலோ 'போரில் மாட்டிய மோட்டார் எடுத்துத் தரப்படும்' என்று எழுதி, கீழே ஒரு செல் நம்பர் போட்டிருப்பார்கள். ஆயிரம் அடி இறங்கியும் தண்ணீர் நிச்சயமில்லாத ஊரில் இது ஒரு பிழைப்பாக ஆனதில் ஆச்சரியம் இல்லை. இதே வேலை எண்ணெய்க் கிணறுகளில் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் நடக்கிறது. அங்கே இதற்கென்று தனிக் கருவிகள், தனிக் கம்பெனிகள், வாழ்நாள் முழுக்க இதை மட்டுமே செய்கிற ஆட்கள் எல்லாம் உண்டு. உள்ளே மாட்டியதை ஃபிஷ் என்பார்கள், அதை எடுக்கும் வேலைக்கு ஃபிஷிங் என்று பெயர்.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் உடனே நினைப்பது, பெரிய கிரேன் வைத்து இழுத்துவிடுவார்கள் என்றுதான். இழுப்பது கடைசியில் வருகிற வேலை. அதற்கு முன்னால் உள்ளே என்ன கிடக்கிறது, எந்த ஆழத்தில் பிடித்திருக்கிறது, எதனால் பிடித்தது, அதன் தலை இப்போது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே கண்டுபிடிக்க வேண்டும். இது தெரியாமல் முரட்டுத்தனமாக இழுத்தால், முழுதாக மாட்டியிருந்தது இரண்டு துண்டாகி மாட்டும். நம் ஊர் போர் மேஸ்திரிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். "இன்னொரு இழுப்பு இழுத்துப் பாக்கலாமா மேஸ்திரி?" என்று நிலத்துக்காரர் அவசரப்பட்டால், "வேணாம் நைனா, கவுறு அறுந்துச்சின்னா அப்பால உள்ள இன்னா கீதுன்னு கேமரா விட்டாதான் தெரியும்" என்பார்கள்.

எண்ணெய்க் கிணற்றுக்கும் நம் போருக்கும் அடிப்படை வித்தியாசம் பாறையில் இருக்கிறது. பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதியில் காலடியில் கிடப்பது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழசான நைஸ், சார்னகைட், கிரானைட் வகைக் கடினப் பாறை. அதில் எண்ணெய்க்கு வழியே இல்லை. எண்ணெய் வேண்டுமென்றால் வண்டல் படிந்து உருவான பாறை வேண்டும், தமிழ்நாட்டில் அது காவிரிப் படுகையில் இருக்கிறது, ஓஎன்ஜிசி நரிமணத்துப் பக்கம் போய் உட்கார்ந்ததும் அதனால்தான். நம் போரில் மேலே இருக்கிற மண்ணுக்கும் மக்கின பாறைக்கும் மட்டும் கேசிங் பைப் போட்டுவிட்டால் போதும், அதற்குக் கீழே பாறைச்சுவர் தானாகவே நிற்கும். வண்டல் பாறை அப்படி நிற்காது. அது மெத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டால் சில களிப்பாறைகள் ஊதும், துளைகளுக்குள் எண்ணெயோ வாயுவோ உப்புத்தண்ணீரோ அழுத்தத்தோடு காத்துக்கொண்டிருக்கும். அதனால் தோண்டத் தொடங்கியதிலிருந்து முடிக்கும் வரை கிணறு முழுக்க கனமான ஒரு சேற்றுக் கரைசலை நிரப்பி வைக்கிறார்கள். மட் என்று சொல்வது இதைத்தான். பாறைத்தூளை மேலே கொண்டுவருவது, பாறையை அரைக்கும் முனையான பிட்டைக் குளிர வைப்பது, சுவரைத் தாங்குவது, உள்ளிருந்து வாயு பீறிட்டு வராமல் அமுக்கி வைப்பது என்று நாலு வேலையை அது ஒன்றே பார்க்கிறது.

பிட்டைத் தாங்கிச் சுழற்றும் நீளக் குழாய் உள்ளே மாட்டிக்கொள்வதற்குப் பெரிய காரணமும் அதே மட்தான். உள்ளே இருக்கும் அழுத்தத்தைவிட மட்டின் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படிதான் எப்போதும் வைப்பார்கள். மணற்பாறை போல் துளை உள்ள இடம் வந்தால், மட்டில் இருக்கும் தண்ணீர் பாறைக்குள் இறங்கி, சேறு மட்டும் சுவரில் அடையாக ஒட்டும். குழாய் அந்த அடையில் சாய்ந்தபடி சும்மா நின்றுவிட்டால் போதும், ஒரு பக்கம் மட்டின் முழு அழுத்தம், மறுபக்கம் பாறையின் குறைந்த அழுத்தம் என்று ஆகி, குழாய் சுவரோடு அமுங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அழுத்த வித்தியாசம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ, ஒட்டிய பட்டை 10 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் சுவரோடு அழுத்தும் விசை 700 டன். உராய்வு ஐந்தில் ஒரு பங்கு என்றாலும் 140 டன் இழுத்தால்தான் அசையும். ஏற்கெனவே 3,000 மீட்டர் ஐந்து அங்குலக் குழாயின் சொந்த எடையே காற்றில் 85 டன்னைத் தாண்டும். இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற குழாய் இருக்கிறது. ஆனால் பல கிணறுகளைப் பார்த்துத் தேய்ந்துபோன குழாய்க்கு அந்தத் தெம்பு இருக்குமா என்பது வேறு கேள்வி. நேரம் ஆக ஆக அடை தடித்து, ஒட்டிய பரப்பும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் ரிக்கில் குழாயைத் திறந்த துளைக்குள் சும்மா நிறுத்தி வைத்தால் பெரியவர்கள் கத்துவார்கள்.

இதற்கு மருந்து இழுப்பதில் இல்லை. மாட்டிய இடத்தில் டீசலோ வேறு எண்ணெய்க் கலவையோ கொஞ்சம் இறக்கி, அடையை ஊறவிட்டு இளக்குவார்கள். மட்டின் எடையைக் குறைத்தும் பார்க்கலாம், ஆனால் அது கம்பிமேல் நடக்கிற வேலை. ரொம்பக் குறைத்தால் குழாய் விடுபடுவதற்குப் பதில் கிணறே பீறிட்டுக்கொண்டு கிளம்பும்.

வேறு காரணங்களும் உண்டு. பாறைத்தூள் சரியாக மேலே வராமல் குழாயைச் சுற்றி அடைந்துகொள்ளும். சாய்வாகத் தோண்டிய கிணற்றில் வளைவில் குழாய் உரசி உரசிச் சுவரில் ஒரு பள்ளம் அறுத்துவிடும், மேலே எடுக்கும்போது குழாயைவிடத் தடிமனான பாகம் அந்தப் பள்ளத்தில் வந்து சிக்கும். உப்புப் பாறை மெல்ல நகர்ந்து துளையையே நெரிக்கும். காரணம் தெரிந்தால்தான் எந்தப் பக்கம் தட்டுவது என்று தெரியும், ஏனென்றால் பொதுவாக எந்தத் திசையில் போகும்போது மாட்டியதோ அதற்கு எதிர்த்திசையில்தான் முதலில் முயல வேண்டும். மேலே எடுக்கும்போது மாட்டினால் கீழே தட்ட வேண்டும். மனுசக் கை இதற்கு நேர்மாறாக, இன்னும் பலமாக மேலே இழுக்கத்தான் போகும், அங்கேதான் பாதி ஃபிஷ் உருவாகிறது என்பேன்.

சரி, மாட்டிவிட்டது. எங்கே? இதற்கு இருக்கிற பழைய வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரும்புக் குழாய் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இழுத்தால் நீளும். ஐந்து அங்குலக் குழாய் 3,000 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும்போது கூடுதலாகப் பத்து டன் இழுத்தால் ஏறக்குறைய 43 செ.மீ. நீளும். அதே பத்து டன்னுக்கு 29 செ.மீ. மட்டும் நீண்டால், சுதந்திரமாக இருப்பது 2,000 மீட்டர்தான், அதற்குக் கீழே பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மேலே குழாயில் சாக்பீஸால் ஒரு கோடு, கையில் ஒரு டேப், எடைமுள்ளைப் பார்க்க ஓர் ஆள், அவ்வளவுதான். கிணறு நேராக இருந்தால் இது நம்பும்படி வரும். வளைந்த கிணற்றில் உரசல் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், குழாய்க்குள்ளே கேபிளில் ஒரு கருவியை இறக்கி, மேலிருந்து இழுக்கும்போதும் முறுக்கும்போதும் எந்த ஆழம் வரை குழாய் அசைகிறது என்று நேரடியாகவே அளக்கிறார்கள்.

அடுத்து செய்வதுதான் வெளியாட்களுக்கு விநோதமாக இருக்கும். குழாயைத் தாங்களே துண்டிக்கிறார்கள். பிடித்திருக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு இணைப்பைத் தேர்ந்தெடுத்து, குழாயை மேலிருந்து இடப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இறக்கிய சின்ன வெடிகயிறை அந்த இணைப்புக்கு நேராக வெடிக்க வைப்பார்கள். அதிர்வில் திருகு இளகி அந்த இடத்தில் மட்டும் கழன்றுவிடும். திருகு கழலவில்லையென்றால் வேதிப்பொருளாலோ வெடியாலோ குழாயையே அறுக்கும் கருவிகளும் இருக்கின்றன. நல்லாயிருக்கிற குழாயை மேலே எடுத்துவிட்டு, சரியான கருவிகளோடு திரும்ப இறங்குவதற்காகத்தான் இத்தனையும். தானாக முறிந்த குழாயின் தலை பிய்ந்து, கோணி, சுவர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கும். நாமே கழற்றிவிட்டால் தலை வட்டமாக, சுத்தமாக, அளவு தெரிந்ததாக மேலே பார்த்து நிற்கும்.

அந்தத் தலையைப் பிடிக்கும் கருவிகளில் ராஜா ஓவர்ஷாட். தடித்த ஒரு உருளை, ஃபிஷ்ஷின் தலைக்கு மேலே தொப்பி மாதிரி இறங்கும். உள்ளே சரிவான சுருள் படிகள், அந்தப் படிகளில் உட்காரும் பற்கள் உள்ள ஒரு வளையம், அதற்கு கிராப்பிள் என்று பெயர். வலப்பக்கம் சுற்றிக்கொண்டே இறக்கினால் கிராப்பிள் விரிந்து ஃபிஷ்ஷை உள்ளே விடும். மேலே இழுத்தால் அது சரிவில் இறங்கிச் சுருங்கி, இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஃபிஷ் அசையவே மாட்டேன் என்று அடம் பிடித்தால் கீழே ஒரு குத்து குத்தி, வலப்பக்கம் சுற்றி, பிடியை விட்டுவிட்டு வந்துவிடலாம். விட்டுவிட்டு வர முடிகிறது என்பதுதான் இதன் பெரிய குணம். பிடிக்கப் போன கருவியும் அங்கேயே மாட்டிக்கொண்டால் அப்புறம் இரண்டு ஃபிஷ் ஆகிவிடும். போவன் 150 என்ற ஓவர்ஷாட்டின் பெயர் தெரியாத ஃபிஷிங் ஆள் கிடையாது. வெளியே சுற்றிப் பிடிக்க இடம் இல்லையென்றால் குழாய்க்கு உள்ளே நுழைந்து விரிந்து பிடிக்கும் ஸ்பியர் இருக்கிறது. இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் கூம்பு வடிவத் திருகை உள்ளே முறுக்கி ஏற்றிப் பிடிக்கலாம். அதன் பிடியை அவ்வளவு சுலபமாக விடுவிக்க முடியாது என்பதால் யோசித்துத்தான் இறக்குவார்கள்.

கிராப்பிளின் அளவு ஃபிஷ்ஷின் வெளிவிட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும், சில மில்லிமீட்டர் தப்பினாலும் பிடிக்காது. அதனால் கிணற்றுக்குள் இறங்குகிற ஒவ்வொரு பொருளின் நீளம், வெளிவிட்டம், உள்விட்டம், தலையின் வடிவம் எல்லாவற்றையும் இறக்குவதற்கு முன்பே அளந்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது ரிக்கில் கறாரான சட்டம். மாட்டின பிறகு அளக்க முடியாதே! வேலை தொடங்கி நாலாவது நாள் ராத்திரி ஷிஃப்ட்டில் தூக்கக் கலக்கத்தில் எவனோ எழுதாமல் விட்ட ஒரு விட்டம்தான், மூன்று வாரம் கழித்து லட்சக்கணக்கில் பணத்தைத் தின்னும்.

தலையின் வடிவம் தெரியவில்லையென்றால்? நம் போரில் இருப்பது தண்ணீர், கலங்கல் தெளிந்ததும் கேமரா விட்டால் மோட்டார் எப்படிச் சாய்ந்திருக்கிறது, கயிறு எங்கே சுருண்டிருக்கிறது என்று டிவியில் பார்ப்பது போலப் பார்க்கலாம். எண்ணெய்க் கிணற்றில் மட் இருக்கும்வரை கேமராவுக்கு எதுவும் தெரியாது. அங்கே அடிப்பக்கம் ஈயம் ஊற்றிய ஒரு கட்டையை இறக்குகிறார்கள். ஃபிஷ்ஷின் மேல் ஒரே ஒரு தடவை அழுத்தி மேலே கொண்டுவருவார்கள். இரண்டாவது தடவை பட்டால் தடம் குழம்பிவிடும். ஈயத்தில் பதிந்த பிறைவடிவத்தையும் கீறலையும் வைத்து, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கிழிந்திருக்கிறதா, பக்கத்தில் வேறு ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு பழுத்த ஆள் சொல்லிவிடுவார். இத்தனை சென்சார் வந்த காலத்திலும் இந்த ஈயக்கட்டை இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பிடித்தாகிவிட்டது, இனி அசைக்க வேண்டும். ஓவர்ஷாட்டுக்கு மேலே ஜார் என்று ஒரு சம்மட்டிக் கருவி வைத்திருப்பார்கள். மேலிருந்து இழுக்கும்போது ஜாருக்குள் அடைபட்ட எண்ணெய் ஒரு சின்ன இடுக்கு வழியாக மெல்லக் கசிந்து நேரம் கடத்தும். அந்த நேரத்தில் மேலே உள்ள இரண்டு, மூன்று கிலோமீட்டர் குழாயும் நீண்டு விசையைச் சேர்த்துக்கொள்ளும். எண்ணெய் அகலமான இடத்துக்கு வந்ததும் தடை திடீரென்று விலகி, சேர்த்த விசையெல்லாம் ஒரே அடியாகச் சம்மட்டியில் இறங்கும். அந்த அடி, மேலே நாம் இழுத்த விசையைப் போலப் பல மடங்கு. பிறகு குழாயை இறக்கி, ஜாரை மறுபடி ஏற்றி, இன்னொரு அடி. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் இப்படியே போகும். ரிக் முழுக்க அதிரும், மேலே ஏதாவது கழன்று விழுந்துவிடாமல் இருக்க ஆட்களை ஒதுக்கி வைப்பார்கள்.

சுற்றிலும் தூள் அடைந்திருந்தால் ஃபிஷ்ஷைவிடப் பெரிய குழாயை அதற்கு வெளியே சுழற்றி இறக்கி, இடுக்கைக் கழுவிவிட்டு அப்புறம் பிடிக்கிறார்கள். எதற்கும் மசியாததை டங்ஸ்டன் கார்பைடு பதித்த மில்லால் மேலிருந்து அரைத்துத் தூளாக்கிவிடுவதும் உண்டு. குழாயில்லாத சில்லறைச் சாமான்கள் விழுவது வேறு ரகம். ஹோவர்டு ஹியூஸ் என்ற அமெரிக்கர் 1909-இல் உருளைப் பற்கள் வைத்த பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பாறை தோண்டும் வேகம் எங்கேயோ போனது, கூடவே தேய்ந்துபோன உருளை கழன்று கிணற்றடியில் உருளும் தலைவலியும் வந்தது. அதற்குக் காந்தம், சுழலில் அள்ளும் கூடை. மேலே வேலை செய்கிற ஒருவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தாலும் இதே கதிதான், இரும்பை மெல்லுகிற பிட் கிடையாது. துளையை மூடாமல் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பதை அங்கே பெரிய குற்றமாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

கேபிளில் இறக்கும் அளவைக் கருவிகள் மாட்டுவது இன்னும் கொஞ்சம் சிக்கல். பாறையில் என்ன இருக்கிறது என்று அறிய அந்தக் கருவிகளுக்குள் கதிரியக்க மூலங்களை வைத்திருப்பார்கள், சீசியம் 137 ஒன்று, அமெரிசியம் 241-உம் பெரிலியமும் சேர்ந்தது இன்னொன்று. முதலாவதின் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு, அமெரிசியத்துக்கு 430 ஆண்டுக்கு மேல். இப்படி ஒன்று மாட்டினால் விட்டுவிட்டுப் போகலாமா என்பதைக் கம்பெனி மட்டும் முடிவு செய்ய முடியாது. நம் நாட்டில் இந்த மூலங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. கேபிளை இழுத்து அறுக்காமல், மேலே வெட்டி, அதைக் குழாய்க்குள் கோர்த்து, ஒவ்வொரு குழாயாகக் கோர்த்துக் கோர்த்தே ஓவர்ஷாட்டை இறக்குவார்கள். கேபிளே வழிகாட்டியாக இருப்பதால் ஓவர்ஷாட் நேராகப் போய்க் கருவியின் தலையில் உட்காரும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் நம்பகமான முறை. எவ்வளவு முயன்றும் வரவில்லையென்றால், அமெரிக்க விதிப்படி அதன் மேல் சிமெண்ட்டை ஊற்றி அடைத்து, பின்னாளில் யாராவது தெரியாமல் தோண்டினால் பிட் விலகிப்போகும்படி ஒரு தடுப்பும் வைத்து, கிணற்றின் தலையில் நிரந்தரப் பலகை ஒன்றும் பதிக்க வேண்டும். என்ன மூலம், எந்த ஆழம், எந்தத் தேதி எல்லாம் அதில் இருக்கும்.

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்து நிற்கிறது. ரிக் சும்மா நின்றாலும் வாடகை ஓடும். ஃபிஷ்ஷை விட்டுவிட்டு அதற்கு மேலே சிமெண்ட் அடைப்புப் போட்டு, பக்கவாட்டில் திருப்பி வேறு பாதையில் தோண்டுவதற்கு சைடு டிராக் என்று பெயர். உள்ளே மாட்டியதன் விலையையும் சைடு டிராக் செலவையும் கூட்டி, ஒரு நாள் ஃபிஷிங் செலவால் வகுத்தால் எத்தனை நாள் முயலலாம் என்று ஒரு கணக்கு வரும். உதாரணத்துக்கு இரண்டும் சேர்ந்து 10 கோடி, ஒரு நாள் செலவு 1 கோடி என்றால் பத்து நாள். வெற்றி வாய்ப்பு பாதிதான் என்றால் ஐந்தே நாள். இந்த வாய்ப்பு ஒரே மாதிரி நிற்பதும் இல்லை, முதல் இரண்டு மூன்று முயற்சியில் வராதது பிறகு வருவது அபூர்வம். ஏற்கெனவே கொட்டிய காசை நினைத்து 'இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்' என்று இழுப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய வியாதி என்று எனக்குத் தோன்றுகிறது, கல்யாண மண்டபத்து முன்பணத்தை விட மனசு வராதவர்களுக்கு இது புரியும். சோவியத் ரஷ்யா ஆராய்ச்சிக்காகத் தோண்டிய கோலா ஆழ்துளையில் 1984-இல் 12,066 மீட்டரில் இருந்தபோது ஐந்து கிலோமீட்டர் குழாய் முறுக்கி அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய அரசாங்கத் திட்டமே அதை அங்கேயே விட்டுவிட்டு, சுமார் 7,000 மீட்டர் ஆழத்திலிருந்து பக்கவாட்டில் திரும்பத் தோண்டியது. 1989-இல் 12,262 மீட்டரைத் தொட்டது அந்தப் புதுப் பாதையில்தான்.

நம் போருக்கும் இதே கணக்குதான், தொகைதான் சின்னது. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த இடங்களில் தண்ணீரில் உப்பு அதிகம், இரும்புப் பைப் இணைப்பு அரித்துப்போய் மோட்டார் ஒருநாள் தொப்பென்று விழுந்துவிடலாம். கேசிங் பாறையில் சரியாக உட்காராமல் விட்டிருந்தால் மண் சரிந்து மேலே மூடும், வெடிப்புகளிலிருந்து சின்னக் கல் விழுந்து பம்புக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பாக நிற்கும். ஆறரை அங்குலத் துளையில் இருக்கிற இடுக்கே அவ்வளவுதான். அப்போது எடுக்க வருகிறவர் முதலில் கேட்பது, எத்தனை லென்த் பைப் இறங்கியிருக்கிறது, என்ன சைஸ், மோட்டார் எத்தனை அங்குலம், கயிறு கட்டியிருக்கிறதா என்பதைத்தான். இறக்கும் நாளில் கேபிள் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவில் இதை எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுதாதவர்கள், எடுக்கும் கூலியையும் பழைய மோட்டாரின் விலையையும் ஒப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும். விழுந்ததற்கு மேலே போதுமான தண்ணீர் நிற்கிற போரில், பழையதை அப்படியே விட்டுவிட்டு இருநூறு அடி மேலேயே சின்ன மோட்டாரைத் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள். தப்பில்லை.